அரை டம்ளர் பெட்ரோல்

அப்பாவுக்கு அலுவலகத்தில் ‘நாற்பது’ என்று பெயர். 2040-இல் தலைநகரம் எவ்வளவு எரிபொருள் எரிக்கும், எவ்வளவு புகை விடும் என்று கணிக்கும் பிரிவில் அவர் ஒருவர்தான் ஆள்.

“நாளைக்கு என்ன சமைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. இந்த மனுஷனுக்கு 2040 தெரியுதாம்” என்பாள் அம்மா.

ஒரு வருடம் கணக்கு உதைத்தது. விற்ற பெட்ரோலைப் பதிவேட்டில் இருந்த வண்டிகளுக்குப் பங்கிட்டார். வண்டி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு அரை டம்ளர் வந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தார். அரை டம்ளர்தான்.

“என்ன நாற்பது, வண்டியெல்லாம் மோப்பம் பிடிச்சே ஓடுதா?” என்றார் பக்கத்து மேசைத் தட்டச்சர்.

பதிவேட்டைப் புரட்டியதும் விஷயம் புரிந்தது. அதில் வண்டிகள் பிறக்கும், சாவதில்லை. அப்பாவின் பழைய ஸ்கூட்டரே அதில் உயிரோடு இருந்தது. மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே அதைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. காகிதத்தில் மட்டும் 2040 வரை ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

“உயிரோட இருந்தப்பவே அது தெருமுனையத் தாண்டாது” என்றாள் அம்மா.

பதிவேட்டில் பாதிக்கு மேல் செத்த வண்டிகள். கழித்தார். வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கில் நகரத்தின் புகை முப்பத்தொரு சதவீதம் குறைந்தது. அலுவலக மாடியில் புகையை அளக்கும் கருவி மட்டும் இம்மியும் இறங்கவில்லை. அப்படியானால் அந்தப் புகை யாருடையது?

டீசல் விற்பனையை மாதவாரியாகப் பார்த்தார். மின்சாரம் அடிக்கடி போன மாதங்களில் அது எகிறியிருந்தது. பதினோரு நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சுற்றியிருந்த நான்கு தெருக்களில் ஜெனரேட்டர்களை எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு பல் மருத்துவர் அவரைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து ஜெனரேட்டருக்குப் போர்வை போர்த்திவிட்டார். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது.

அறிக்கையைப் பார்த்த இயக்குநருக்கு வியர்த்துவிட்டது.

“என்ன சார் இது? மின்வெட்டே கிடையாதுன்னு அமைச்சர் போன வாரம்தான் பேட்டி குடுத்தார்.”

“என்ன சொன்னீங்க சார்? காதுல விழல.”

“மின்வெட்டே கிடையாது!” என்று இயக்குநர் கத்தினார். ஜன்னலுக்குக் கீழே அலுவலக ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு குரலும் இறங்கியது, ஆளும் இறங்கி வந்தார். “‘இதர’ன்னு போட்டுடலாமே. யாருக்கும் வலிக்காது.”

“முப்பத்தொரு சதவீதம் சார். பட்டியல்லயே அதுதான் பெரிசு. இதரன்னு போட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அறிக்கை அன்று மாலையே மேலிடத்துக்குப் போயாக வேண்டும். கையெழுத்துக்கு வேறு ஆளும் இல்லை. இயக்குநர் மேசையைத் தட்டினார்.

“சரி. இதை அனுப்பறேன். உங்களையும் அனுப்பறேன்.”

அப்பா பேனாவைத் திறந்தார்.

அடுத்த வாரமே எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றல் வந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றாள் அம்மா.

“ஜெனரேட்டர் உள்ள போயிடுச்சு. நான் வெளிய வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கிடங்கில் ஏழு வருடம் இருந்தார். குண்டூசி டப்பாக்களுக்கும் ஐந்தாண்டுக் கணிப்பு போட்டார். ஒவ்வொரு வருட அறிக்கையும் வந்ததும், பட்டியலில் ஜெனரேட்டர்களுக்கான வரிசை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

இந்த வருட அறிக்கை, அவர் இறந்து எழுபத்தொரு நாள் கழித்து வந்தது. மகள் பிரித்துப் பார்த்தாள். இருந்தது.