பதினேழாம் இலக்கக் கொடையாளர்

புதிய ரோனியோத் தாளுக்கென்று ஒரு மணம் உண்டு... எண்ணெயும் மையும் கலந்த மணம். நூறு வினாக்கொத்துகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கல்முனைக்குடிக்கு வந்து இறங்கியபோது, என் சட்டைகளிலெல்லாம் அதுவே வீசியது. உம்மா ஒரு சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சீமையில படிக்கப் போனயா, அச்சுக்கூடத்தில வேலைக்குப் போனயா?" என்று கேட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சமூக சேவை உத்தியோகத்தராக இருந்த எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்து, வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியில் ஆய்வு முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணவனை இழந்த பெண்களை அயலவர்கள் எவ்வாறு தாங்குகிறார்கள் என்பதே ஆய்வு. களஆய்வுக்குத் தந்த தவணை மூன்று மாதம். அதற்குள் தரவு சேராவிட்டால் பட்டம் இல்லை. மறுபடி ஊருக்கு வர இன்னொரு பயணச்சீட்டும் இல்லை.

அத்தகைய வீடுகளுக்கு ஆண்மகன் தனியே செல்வது முறையன்று. ஆகவே என் மூத்த சகோதரிகளான ராத்தாமாரில் ஒருவர் துணைக்கு வந்தார். நான் விறாந்தையில் தாளோடு. ராத்தா உள்ளே பாயில். கதவுச் சீலைக்கு அப்பாலிருந்து விடை வரும்.

"மாமி, இந்த மாசம் அரிசி ஆரு தந்த?"

"அல்லாஹ் தந்தான் மகன்."

"ஓம் மாமி, அல்லாஹ்தான். ஆரு கொண்டந்து தந்த?"

"கதவடியில இரிந்திச்சு."

"ஆரு வெச்ச?"

"அதத்தானே சொல்றன்... அல்லாஹ்."

உள்ளே ராத்தா சிரிப்பது மட்டும் கேட்கும்.

முப்பது வீடுகள். முப்பது தாள்களிலும் ஒரே பெயர்!

கொடுத்தவர் மறைத்துக் கொடுத்தார். பெற்றவர் அந்த மறைவைக் காத்தார். மறைத்துக் கொடுப்பதே மேலென்று சிறு வயதில் ஓதி வளர்ந்தவன் நான். வினாக்கொத்தைத் தயாரித்த நாளில் அது எனக்கு நினைவில் வரவில்லை...

தாள்களை விமானத் தபாலில் என் மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். அறுபதை எட்டிய அம்மையார். தாம் சிரிக்காமலே பிறரைச் சிரிக்கவைப்பவர். மூன்று வாரங்கள் கழித்து நீல நிற வான்கடிதம் வந்தது.

"முப்பது குடும்பங்களையும் ஒருவரே தாங்குவதாகக் காண்கிறேன். அவருடைய கொடையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பரீட்சகர்கள் அவரை நேர்காணும்படி கேட்டால் என்ன செய்வதாக உத்தேசம்?"

ராத்தாவுக்குத் தமிழில் சொன்னேன். "நல்ல மனிசி போல. கலிமாவ மட்டும் சொல்லி இஸ்லாத்துக்கு வரச் சொல்லு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வாரமே மிச்சம் இருந்தது.

மறுநாள், கணவரைக் கடலில் பறிகொடுத்த ஒரு மாமியின் வீட்டில் இருந்தபோது அஸர்த் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பள்ளியில் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் அமர்ந்தேன். உள்ளே மாமி வாய்விட்டுத் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யா அல்லாஹ், மேசன் தம்பிட மகன சவூதியில நல்லா வெச்சிக்க... கடக்காரக் காக்காட முழங்கால் வருத்தத்தக் கொறச்சி வை... இந்தா பக்கத்தில இரிக்கிற புள்ள, இவட கைய ஒருநாளும் வெறுமையாக்கிராத..."

"மெள்ள மாமி, மெள்ள! வெளியில காது ரெண்டு இரிக்கி!" அது ராத்தாவின் குரல்.

கேட்ட பெயர்களையெல்லாம் மடியிலிருந்த தாளில் வேகவேகமாக எழுதினேன். யார் தந்தார் என்று கேட்டால் திறவாத வாய், யாருக்காக இறைஞ்சுகிறீர்கள் என்று கேட்டால் திறந்துவிடும்!

வரும் வழியில் ராத்தா எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். வீட்டு வாசலில் நின்று திரும்பினார்.

"என்ட பேரையும் எழுதினயாடா?"

"எழுதாட்டி பட்டமில்ல ராத்தா."

"என்ட நன்மைய இங்கிலீசில அடிச்சித்தான் நீ பட்டம் எடுக்கணுமா? சாகாமத்து வயல் என்ட பேரில. அதுல எவ்வளவு எடுத்தன், எங்க வெச்சன் எண்டு உன்ட மச்சானுக்கே தெரியாது!"

"பேரு போடல்ல. நம்பர் போடுறன்" என்றேன்.

"என்ன நம்பர்?"

"பதினேழு."

"பதினேழு ஆரெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப போடு. வேற ஆருக்கும் தெரியப்படா. நான் மௌத்தானாலும் சொல்லப்படா."

அதன் பிறகு எல்லா வீட்டிலும் ஒரே வினாதான்: தொழுது முடிந்ததும் யார் யாருக்குத் துஆக் கேட்பீர்கள்? மாமிமார் பொழிந்து தள்ளினார்கள். தாளின் ஓரங்களிலும் எழுத வேண்டியதாயிற்று. எல்லாரையும் இலக்கமாக்கிய பின், பெயர்ப் பட்டியலை ராத்தாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துப் பார்க்காமலே மடித்து அடுப்பில் போட்டார்.

வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இந்தப் பதினேழாம் இலக்கத்தார் பல வீடுகளில் வருகிறாரே, யார் அவர்?"

"தெரியும். சொல்வதற்கில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

பட்டம் அன்று கிடைக்கவில்லை. ஏன் சொல்வதற்கில்லை என்பதையே தனி அத்தியாயமாக எழுதித் தரும்படி பணித்தார்கள். குளிரில் இன்னும் மூன்று மாதம் இருந்து எழுதினேன். என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான் என்று அம்மையார் சொன்னார், வழக்கம்போல் சிரிக்காமல்.

இன்றைக்கு அதே ஆய்வைச் செய்ய வரும் பிள்ளைக்கு என் பாடு இல்லை. முகநூலைத் திறந்தால் போதும்; ஓர் அரிசிப் பொதியை ஏழு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பெயரோடும் பதவியோடும். குறை சொல்லமாட்டேன். அவரவர் மனத்து நிய்யத்தை அறிந்தவன் அவன். பசித்த வீட்டுக்கு அரிசி போய்ச் சேர்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும், அந்தப் படங்களில் வாங்குபவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்கும்போது, மனம் கொஞ்சம் அந்தக் காலத்துக்குப் போய்விடுகிறது...

எனக்கு ராத்தாமார் நால்வர். பதினேழு எந்த ராத்தா என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். நால்வரும் இப்போது மையவாடியில் அடங்கியிருக்கிறார்கள். நால்வருக்கும் சேர்த்தே ஒரு துஆச் செய்துவிடுங்கள்.