பத்துமலையின் லாரி மலையிறங்கிய காலை

பத்துமலை கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், தோட்டத்துக்கு லாரி வந்த நாளிலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வந்து ஓட்டக் கற்றுக்கொண்டான். 1928இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போட ஆள் எடுத்தார்கள். கருங்கல் ஏற்றும் லாரிக்கு டிரைவராகச் சேர்ந்தவன், மனைவி இருளாயியோடு மேலே போய்க் குடிசை போட்டான்.

மலைக்குளிர் இருவருக்கும் புதிது. ராத்திரியெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த ஒரு விடியலில் இருளாயிக்கு வலி கண்டது. பிரசவம் பார்க்கும் பக்கத்துக் குடிசை செல்லாயி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது, தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவதுதான் நல்லது என்றாள். லாரியின் பின்தட்டில் சாக்குகளை விரித்து, இருளாயியைப் படுக்க வைத்து, தானும் ஏறிக்கொண்டாள்.

என்ஜின் உறுமியது, லாரி அசையவில்லை.

பத்துமலை இறங்கிக் கீழே புகுந்து பார்த்தான். சரிவான இடம் என்று முதல்நாள் மாலை கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருந்தான். கம்பி மூட்டுகளில் கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. ஈரத்தில் பிரேக் கட்டைகளும் பின்சக்கரங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. செல்லாயி வீட்டு அடுப்பிலிருந்த வெந்நீரைக் கொண்டுவந்து மூட்டுகளில் ஊற்றினான். மரக்கட்டையால் சக்கரக் குடங்களைச் சுற்றிலும் தட்டினான். பிறகு ஏறி உட்கார்ந்து, லாரியை முன்னும் பின்னுமாக உலுக்கினான். 'டக்'கென்று பிரேக் விட்டுக்கொண்டது.

குடிசைகளுக்கு முன்னாலிருந்த சமதரையில் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். லாரி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நேரே சாலைக்குத் திருப்பாமல் அந்த இடத்திலேயே ஒரு சுற்று வந்தான்.

"என்னங்க, இன்னும் என்ன? போலாம்லா" என்று பின்னாலிருந்து இருளாயி முனகினாள்.

"எடப்பக்கம் பிரேக்கு பிடிக்கல புள்ள. ஈரம் காயணும். இப்படியே எறங்குனா பள்ளத்துக்குள்ள போயிருவோம். பொறுத்துக்க."

பிரேக்கை லேசாக மிதித்தபடியே வட்டமடித்தான். அவள் அலறும்போதெல்லாம் கால் தானாக வேகத்தைக் கூட்டப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டான். கடைசியில் சக்கரத்திலிருந்து ஆவி கிளம்பியது. மறுபடி மிதித்தான். லாரி நேராக நின்றது.

கியரைக் குறைத்து மெல்ல இறக்கினான். பாதி வழியில், ஒரு திருப்பம் தாண்டியதும் சாலையில் மண் சரிந்து கிடந்தது. மிதித்தவுடன் லாரி நின்றது. ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நுழைத்துக் கொண்டுபோனான். பின்னாலிருந்த பெண்களுக்கு அது தெரியவே தெரியாது.

டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார். பெண் குழந்தை. தாய்க்கு நினைவு திரும்ப மாலையாகிவிட்டது. அதுவரை வராந்தாவில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்த பத்துமலையை உள்ளே கூப்பிட்டார்கள்.

"அங்கன நீங்க சுத்திச் சுத்தி வந்தப்ப, உங்கள வெட்டிப் போடணும்போல இருந்துச்சு" என்றாள் இருளாயி, வறண்ட குரலில்.

பத்துமலை கையிலிருந்த கிரீஸ் கறையை வேட்டியில் அழுத்தித் துடைத்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டான். நவமணி என்று பேர் வைக்கலாமா என்று அவளைக் கேட்டான்.