பிறப்பிடமாகவும், அனுப்பப்பட்ட இடமாகவும்

மரண அறிவித்தலுக்குக் கனடாவில், மொன்றியலில் எங்கள் ஆட்களிடம் ஒரே அச்சுதான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். யாழ்ப்பாணத்தாருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். என் அண்ணனுக்குப் பொருந்தவில்லை.

அண்ணன் கோத்தகிரியில் இறந்துவிட்டார் என்று அண்ணி போனில் சொன்னபோது நான் துறைமுகத்தில் நின்றேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று அங்கே வந்திறங்கும் பெட்டிகளை என் லொறிகள் ஏற்றிப் போகின்றன, லாசால் பகுதியில் ஒரு கிடங்கு என் சொந்தம். பெருமைதான். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் வீசா எடுத்துப் போய்ச்சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். அண்ணனுக்கு நான் செய்யக் கிடைத்தது அந்த அறிவித்தல் ஒன்றுதான்.

இணையத்தில் அறிவித்தல் போடுகிறவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர் வீட்டு பேஸ்மென்ட்தான் ஒப்பிஸ். நாங்கள் பிறந்த மலையகத் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், அதில் மேல் டிவிஷன் என்பது வரைக்கும். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அண்ணை, கண்டி எண்டு போடுவமே? பாக்கிற சனத்துக்கு விளங்கும்."

"கண்டியில அவர் சந்தைக்குக்கூடப் போனதில்ல. தோட்டத்தைப் போடு."

"சரி. வசிப்பிடம் கோத்தகிரி. அப்ப அவர் இந்தியரோ, எங்கட ஆளோ?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வெள்ளைக்காரன் எங்கள் முன்னோரைத் தேயிலைக்காகக் கொண்டுவந்து மலையில் விட்டான். அவன் போனதும், உங்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது இலங்கை. பிறகு இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பெயர் நட்புறவு. அந்த நட்புறவில் அண்ணன் இந்தியாவின் பங்கு, நான் இலங்கையின் பங்கு. ஹட்டனில் கோச்சியில், அதுதான் ரயிலில், ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார். இலங்கையில் எங்களைக் களவாய் வந்தேறிய கள்ளத்தோணி என்றார்கள். அங்கே சாகும்வரை அவரைச் சிலோன்காரன் என்றார்கள்.

"தம்பி, இப்படிப் போடு," என்றேன். "தோட்டத்தைப் பிறப்பிடமாகவும், இரண்டு அரசாங்கங்கள் அவரைக் கேட்காமல் அனுப்பிவைத்த கோத்தகிரியை வசிப்பிடமாகவும் கொண்ட."

"உப்பிடி ஒருத்தரும் போடுறேல்லை அண்ணை. அதோட, அவையள் விண்ணப்பம் போட்டுத்தானே போனவை?"

"பிரஜாவுரிமை இல்ல, ஓட்டு இல்ல, ரொட்டிக்கு மாவும் இல்ல. அப்படி நிக்கிறவன் போட்டா அதுக்குப் பேரு விண்ணப்பமா? நீ எந்தப் பாஸ்போட்டுல கனடா வந்த?"

சிரித்துவிட்டார். "வேற ஆரோ ஒருத்தற்ற பாஸ்போட்டிலை."

"நானும் அப்படித்தான். இந்த அறையில இருக்கிறது ரெண்டு கள்ளத்தோணி. போடு தம்பி."

"ஆரும் போன் எடுத்துக் கேட்டால்?"

"என் நம்பரைக் குடு."

கேட்டார்கள். சாவுக்குள் அரசியலைக் கொண்டுவரலாமா என்றார் ஒருவர். அரசியல்தானே ஐயா அவரைக் கப்பலில் ஏற்றியது என்றேன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த சென்னைப் பையன் ஒருவன், "சார், உங்க கோபம் இந்தியா மேலயா, ஸ்ரீலங்கா மேலயா?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"பங்கு போட்டு வச்சிருக்கேன் தம்பி, அவங்க எங்களைப் போட்ட மாதிரி."

அண்ணிக்கு எழுத்துத் தெரியாது. அறிவித்தலைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் அழைத்தார்.

"தம்பி, இங்க அவருக்குக் கல்லு வைக்கிறோம். ஊரு என்ன போடணும்னு கேட்டான் கல்லு வெட்டுறவன். நீங்க போட்டதையே வெட்டச் சொல்லிட்டேன்."

"இவ்வளவும் கல்லுல கொள்ளுமா அண்ணி?"

"அதத்தான் அவனும் கேட்டான்."

"பெரிய கல்லா வாங்கச் சொல்லுங்க, செலவு என்னது. 'கேட்காமல்'ங்கிறது ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்."