ஒன்பது மில்லிமீற்றர்

இரும்புப் பாலம் அசையாது என்று முழுமனதாக நம்பித்தான் நான் பாலத்து வேலைக்கு வந்தேன். இன்டர்வியூவில் அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு, இரண்டு கவுன்சில்களுக்கு எல்லையாக ஓடும் ஆற்றின் மேல் ஒரு டோல் பாலமும் இரண்டு இலவசப் பாலங்களும். டோல் பாலத்தில் கமரா பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு இலவசப் பாலத்துக்கு மாற்றினார்கள். முதல் சனிக்கிழமை, பாலமும் கரையும் சந்திக்கும் ஜொயின்ற்றின் இடைவெளியைக் காலையிலும் மதியத்திலும் அளந்து எழுதச் சொன்னார் எஞ்சினியர் ஜேனட். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே!

காலை ஏழுக்கு நாற்பது மில்லிமீற்றர். பதினொன்றரைக்கு முப்பத்தொன்று.

மூன்று முறை அளந்தேன். பாலம் கரைக்குள் நுழைந்துகொண்டிருந்தது! ஜேனட் போனை எடுக்கவில்லை. பாலத்து வாசலில் தடுப்பை இறக்கினேன்.

முதலாவதாக நின்ற காரிலிருந்து பட்டுச்சேலையோடு ஒரு பெண் இறங்கினார்.

"என்ன அண்ணை, பூட்டிப்போட்டியள்?"

"பாலம் நகருது தங்கச்சி. டோல் பாலத்தால சுத்திப் போங்கோ."

"அதால ஒரு மணித்தியாலம். பன்னிரண்டு பத்தோட நல்ல நேரம் முடியுது. பொம்பிளை மாப்பிள்ளை எல்லாம் அங்கால மணவறையில. தம்பியின்ரை தாலி இஞ்ச, என்ரை கையில!"

"பாலம் விழுந்தால்?"

"விழட்டும். பன்னிரண்டு பத்துக்குப் பிறகு விழட்டும்."

காரைப் பாலத்தில் ஏறவிட மனம் வரவில்லை. நடந்தே கூட்டிப் போகிறேன் என்றேன். என் மஞ்சள் ஜக்கெட்டை அவருக்குப் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடி முன்னால் நடந்தேன். என் வாய் தன்பாட்டில் 'முருகா, முருகா' என்றது.

"முருகா எண்டு சொல்லுறதெண்டா மனதுக்குள்ள சொல்லுங்கோ அண்ணை. எனக்கும் பயமாக் கிடக்கு."

நடுப்பாலத்தில் ஜேனட் அழைத்தார். அளவுகளையும் தடுப்பை இறக்கியதையும் சொன்னேன்.

"இன்று நல்ல வெயில், இல்லையா? சூட்டில் இரும்பு நீளும். நீள்வதற்குத்தான் அந்த இடைவெளியே. தடுப்பைத் தூக்குங்கள், பிளீஸ்."

நான் தடுப்புக்கும் அவர் காருக்குமாகத் திரும்பி ஓடினோம். சேலையோடு அவர்தான் முந்தினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு அளவை எடுக்கச் சொன்னால், ஏன் என்று முதலிலேயே கேளுங்கள்.

அன்று பாலம் பதினெட்டு நிமிடம் மூடியிருந்தது. தாலி பன்னிரண்டு ஏழுக்கு ஏறியது.