எட்டு நகங்களும் ஒரு சாட்சியும்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நோயைப் பற்றி எழுத வருவது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். சத்து மாத்திரை தின்று இதே நிலைக்கு வந்த யாராவது ஒருவர் படித்தால் போதும்.

முதலில் வந்தது வாயில் பூண்டு வாடை. பூண்டு சேர்க்காத நாளிலும் வந்தது. வண்டன்மேட்டில் நான் ஏலக்காய் எடுக்கும் தோட்டத்தில் பக்கத்து வரிசைக்காரி, "காலையிலயே பூண்டுக் குழம்பாக்கா? எங்களுக்கும் கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம்ல," என்றாள். சிரித்துவைத்தேன்.

அடுத்த மாதம் சீப்பு நிறைய முடி வந்தது. பிறகு நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்து, எட்டு கழன்றன. கட்டைவிரல்களில் மட்டும் நின்றன. அந்த விரல்களை வைத்துக்கொண்டு காய் எடுக்க முடியவில்லை. மூன்று மாதம் வேலை போயிற்று.

மாத்திரை விற்றவள் என் மதினி, அண்ணன் மனைவி. இந்த மலை மண்ணில் செலினியம் (உடலுக்கு மிகச் சிறிதளவே வேண்டிய தாதுச் சத்து) இல்லை, அதனால்தான் எனக்கு அசதி என்றாள். முடி கொட்டியதைக் காட்டினேன். "சத்து இன்னும் ஏறலடி. ரெண்டாப் போடு," என்றாள். போட்டேன்.

முறை வைத்து வீடு வீடாக நடக்கும் ஜெபக்கூட்டங்களில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில், நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, மாத்திரையால் நான் தேறி வருவதாக அவளே எழுந்து சொன்னாள். வாடை கூடியதும், பூண்டைத் தின்றுவிட்டு வராதே, பின்னால் போய் உட்கார் என்று எல்லார் முன்னாலும் சொன்னதும் அவள்தான்.

கடைசியில் கோட்டயம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்; அங்கே மலையாளி டாக்டரம்மா இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். செலினோபுரதம் பி (செலினியத்தை உடலெங்கும் கொண்டுசெல்லும் இரத்தப் புரதம்) நிறைவாக இருந்தது. நல்லதுதானே என்று கேட்டேன்.

"சாக்கு நிறைஞ்சா நிறைஞ்சதுதான். மேல கொட்டுனா தரையிலதான் போகும்," என்றார். "உங்களுக்குக் குறைவே இல்ல கேட்டோ. இரத்தத்துல மொத்தச் செலினியம் ரொம்பக் கூடிப்போச்சு. அந்த மாத்திரைதான் விஷம்."

நிறுத்துவதுதான் வைத்தியம். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பைபிளுக்குள் வைத்தேன். நகம் வளரக் காத்திருக்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். மதினி வீட்டில் கூட்டம் நடக்கும் முறை வரட்டும் என்று காத்திருந்தேன்.

இருபது வருடத்தில் ஒருமுறைகூடச் சாட்சிக்கு எழுந்திராதவள் அன்று எழுந்தேன். தாளைப் படித்தேன். கைகளை விரித்துக் காட்டினேன். அவளிடம் மாத்திரை வாங்கும் நான்கு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நிறுத்தச் சொன்னேன்.

"குடும்பத்த இப்படியா சந்தி சிரிக்க வைப்ப?" என்றாள் மதினி.

"நீங்கதான என் பேரச் சொல்லி ஆரம்பிச்சீங்க மதினி. நான் முடிச்சு வைக்கேன்."

அவளை மன்னித்துவிடு என்றார் அண்ணன். மன்னிக்கவில்லை. அதனால் தூக்கம் ஒன்றும் கெடவில்லை. இப்போது நாட்களைக் கட்டைவிரலில்தான் பார்க்கிறேன். அடியில் புது நகம் வருகிறது. அவள் கொடுத்த வெள்ளைக் கோடு நுனிக்கு நகர்கிறது. வெட்டி எறிய இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் எதிரே, முன்வரிசையில், கையை மடியில் விரித்து வைத்துத்தான் உட்காருவேன்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் மூன்று பேர் மாத்திரை டப்பாக்களை மதினி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு காய் எடுக்கப் போனேன்.