ஜெயிச்சுட்டாங்களாம்

திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு ரிக் டிரில்லரின் குடும்பம் இருக்கிறது. எங்கள் ஊர் ரிக் வண்டிகள் இப்போது ஆப்பிரிக்கா வரை போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அவரும் அப்படித்தான் ஒரு வண்டியோடு போனார். போன இடத்தில் உள்நாட்டுச் சண்டை மூண்டுவிட்டது.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால், அந்த நாட்டுச் செய்தி எது வந்தாலும் அவர் மனைவி போனோடு மாடிக்கு ஏறிவிடுவார். அன்று காலை இட்லி மாவு ஒட்டிய கையோடு வந்தார். "மிலிட்டரி மூட்டை கட்டுதுன்னு ஒரு பேச்சாமுங்க டீச்சர், நெசமான்னு தெரியல. நாளைக்கு சர்ச் வேன் ஒண்ணு பார்டருக்குப் போவுதாம். ஏறட்டுமா வேண்டாமான்னு அவரு கேக்கறாரு. இது அந்த கவர்மெண்டு போட்டதாம், படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். இலக்குகள் நிறைவேறிவிட்டதால் படைகள் திட்டமிட்டபடி புதிய நிலைகளுக்கு மாற்றப்படுகின்றன, பொதுமக்கள் அஞ்ச வேண்டியதில்லை என்றிருந்தது. தோற்று ஓடுகிறார்கள் என்பது இரண்டாவது வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நாளாகவே அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"மிலிட்டரி ஜெயிச்சுட்டாங்களாம். பயப்பட வேண்டாம்னு போட்டிருக்குதுங்க" என்றேன். படை ஊரை விட்டுப் போகிறது என்ற பாதியை விழுங்கிவிட்டேன்.

அவர் என் கூடத்தில் நின்றபடியே கணவரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, ஒண்ணும் ஆவாதாம். டீச்சரே படிச்சுச் சொல்லிட்டாங்க."

"அப்பச் சரி" என்றது ஸ்பீக்கரில் அவர் குரல். "வண்டிய உட்டுப்போட்டு வந்தா மொதலாளி மூஞ்சில எப்புடி முழிக்கறது?"

அதற்குப் பிறகு கணவர் போன் எடுக்கவில்லை.

சில நாளில் அந்த அரசாங்கம் போட்ட ஒரு வீடியோ வந்தது. தலைநகரத்தில் வெற்றி ஊர்வலம். பேண்டு வாத்தியம் முழங்க, பெண்கள் சிப்பாய்களுக்கு மாலை போட்டார்கள். ஜீப்புகளுக்குப் பின்னால் ஒரு லாரி, அதன் மேலும் சிப்பாய்கள் நின்று கையசைத்தார்கள். லாரியின் நெற்றியில், நாமக்கல் பெயிண்டர் எழுதிய தமிழ் எழுத்துகள்: பெற்றோர் ஆசி.

"நம்ம லாரிங்க டீச்சர்! ரிக்கு கூடப் போன லாரி! அப்ப அவரும் அவுங்ககூடத்தான் இருக்கோணும்!" அவர் சிரித்ததை அன்றுதான் பல நாள் கழித்துப் பார்த்தேன். ரிக் அதில் இல்லை. நம் ஆட்கள் ஒருவர் முகமும் இல்லை. அந்த லாரி எப்படி அவர்கள் கைக்குப் போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது.

"ஆமாங்க" என்றேன். அவர் கீழே போய்ச் சாமி படத்துக்குச் சூடம் காட்டினார்.

கணவர் ஊர் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. காடு வழியாக நடந்தே எல்லை தாண்டியிருந்தார். புண் புரையோடி, வலது கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன்.

"நெஞ்சுல துப்பாக்கிய வெச்சுத்தானுங்க லாரிச் சாவிய வாங்குனாங்க" என்றார். "டீசலையும் உறிஞ்சிக்கிட்டாங்க. லாரி ரேடியோவுல ஜெயிச்சுட்டோம்னு பாட்டு ஓடுது. அவனுங்க போன அன்னைக்கே எதுத்துச் சண்டை போட்ட கூட்டம் உள்ள வந்துருச்சு. வேன்ல ஏறுன நம்ம ரிக்குப் பசங்க ரெண்டு பேரு பத்தரமா வந்துட்டாங்க."

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நான்தானுங்களே உங்களை இருக்கச் சொன்னேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க? கவர்மெண்டே பொய் சொல்லிருச்சு" என்றார் அவர்.

"ஆமாங்க டீச்சர், நீங்க சொன்ன தைரியத்துலதான் நானே உசுரோட இருந்தேன்" என்று மனைவி காபி டம்ளரை நீட்டினார்.

அந்த அரசாங்கம் தோல்வியை மறைத்தது உண்மைதான். ஆனாலும் படை போகிறது என்று அது எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் போதும், அவர் வேன் ஏறியிருப்பார். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் மெல்லத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பழியை ஒரு நாட்டின் தலையிலேயே விட்டுவிட்டு, காபியைக் குடித்தேன்.