தேவராஜ் அண்ணனும் பெயர் போடாத ஜெபக் குறிப்பும்

செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரம் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது தேவராஜ் அண்ணனின் மனைவி ரோஸ்லின் அண்ணி போன் செய்தார். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "சாந்தி, அண்ணன் பூட்டாரும்மா" என்றார். பிறகு அழுகை. அழுகைக்கு நடுவே, "நாலு மணிக்கு அடக்கம். ராத்திரியெல்லாம் வச்சிக்கினு இருக்காதீங்கன்னு அவரே சொல்லிட்டாரு" என்றார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். நாலு மணிக்குள் நான் செய்தாக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டது. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுதினால் அவருக்கு இன்னொரு துரோகம் செய்தவளாவேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவராஜ் அண்ணன் திண்டிவனம் – விழுப்புரம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமலே வண்டியை நிறுத்தக்கூடிய குரல். வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, திண்டிவனத்தில் அவர் வீட்டு முன்னறையில் எங்கள் வேதபாடக் குழு கூடும். ஏழெட்டுப் பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், அண்ணி அவித்து வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அண்ணன் பிரசங்கம் செய்ததே இல்லை. "பிரசங்கம் கேக்க ஞாயித்துக்கெழம கீது. இங்க படிச்சதுல ஒன்ன எடுத்துக்கினு போயி ஒரு வாரம் வாழ்ந்து பாரு. வாழ்ந்தியா இல்லியான்னு அடுத்த வியாழன் வந்து சொல்லு" என்பார். அதுதான் எங்கள் குழுவின் முறை.

நான் சேர்ந்த முதல் வாரம் மன்னிப்பைப் பற்றிய பகுதியைப் படித்தோம். எல்லோரும் மன்னிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நானும் அழகாகப் பேசினேன். "எல்லாரும் இருக்கட்டும். நீ யார மன்னிக்கணும்?" என்று கேட்டார். ஐந்து வருடமாகப் பேசாமலிருந்த நாத்தனாரின் பெயர் வாய்வரை வந்து நின்றது. எரிச்சலோடுதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் அடுத்த வியாழன் போவதற்குள் நாத்தனாருக்கு போன் செய்திருந்தேன். பிறந்ததிலிருந்து ஆராதனைக்குப் போகிறவள் நான். விசுவாசம் என்பது காலையில் எழுந்து செய்ய வேண்டிய வேலை என்பதை அந்த முன்னறையில்தான் கற்றேன்.

யாராவது ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனால், "ஸ்டாப்பிங் வந்துடுச்சி, எறங்கு" என்பார். கண்ணை மூடியபடியே எல்லோரும் சிரிப்போம். ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டுக் கிடையாது. அந்த அறையில் பேசியது வாசலைத் தாண்டக் கூடாது. நான்தான் அதைத் தாண்ட வைத்தேன்.

எங்கள் குழுவில் லில்லி அக்கா இருந்தார். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். அவர் மகளுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகி, சபையில் கல்யாண அறிவிப்பும் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வியாழன், உண்மை பேசுவதைப் பற்றிப் படித்து முடித்ததும் அக்கா அழுதுவிட்டார். "சின்னதுல பொண்ணுக்கு வலிப்பு இருந்திச்சி. பத்து வயசோட நின்னுபோச்சி. மாப்ள வூட்டுல சொல்லல. ஞாயித்துக்கெழம நானே போயி சொல்லிட்றேன். பயமா கீது, ஜெபம் பண்ணுங்க" என்றார். "நானும் கூட வர்றேன்" என்றார் அண்ணன்.

(இதை இங்கே எழுதலாமா என்று லில்லி அக்காவிடம் ஆள் மூலம் கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சதுதான, எழுதச் சொல்லு" என்றாராம்.)

சனிக்கிழமை சபையில் பெண்களின் உபவாச ஜெபம். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். ஜெபக் குறிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். போதகரின் மனைவி ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். நான் எழுதினேன்: "ஒரு சகோதரியின் மகளுக்கு முன்பு வலிப்பு இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல அவருக்குத் தைரியம் கிடைக்க." நல்ல எண்ணம்தான். ஆனால் பிறர் அறியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற சின்ன ருசியும் அதில் இருந்தது. அதை இன்று ஒத்துக்கொள்கிறேன். அந்த மாதம் சபையில் அறிவிப்பு வாசித்த கல்யாணம் ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. சீட்டை வாசித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். மாப்பிள்ளையின் அத்தை. அவரும் எங்கள் சபைதான்.

மறுநாள் லில்லி அக்கா கிளம்புவதற்கு முன்பே மாப்பிள்ளையின் அப்பா வந்துவிட்டார். "இன்னிக்கி சொல்றதுக்குத்தான் கெளம்பிக்கினு இருந்தேன்" என்று அக்கா சொன்னதை யார் நம்புவார்கள்? கல்யாணம் நின்றது.

அந்த வியாழன் அக்கா வந்தார். உட்காரவில்லை. "இந்த ரூமத் தவிர நான் எங்கியும் வாயத் தொறக்கல. யாரு?" என்றார். அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்துக்கு வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

"லில்லி, என் வூட்டுல பேசனது வெளிய பூட்ச்சி. கேக்கறதா இருந்தா என்னக் கேளு" என்றார்.

"அண்ணே, நீங்களா?"

அண்ணன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். லில்லி அக்கா அன்று படியிறங்கியவர் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

எல்லோரும் போன பிறகு, "ஏண்ணே உங்க மேல போட்டுக்கினீங்க?" என்று அழுதேன். "அந்தக் கோவத்துல உன் பேரச் சொன்னா ரெண்டு பேருமே பூடுவீங்க. நான் சொல்ல மாட்டேன். நீ போயி சொல்லு. ஜல்தி சொல்லு" என்றார்.

அவர் செய்தது சரிதானா? இதில் மட்டும் இன்றைக்கும் அவரோடு எனக்குச் சண்டை உண்டு. என்னைக் காப்பாற்றப் போய், வெறுக்க வேண்டிய ஆளை லில்லி அக்காவுக்கு மாற்றிக் காட்டிவிட்டார். ஆனால் அந்தச் சண்டையைப் போட எனக்கு என்ன யோக்கியதை? இரண்டு முறை அக்காவின் கடைக்குப் போனேன். இரண்டு முறையும் ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிசுக்கு விழுப்புரம் வருவார். மதிய இடைவேளையில் போய்ப் பார்ப்பேன். கடைசியாகப் பார்த்த அன்று, "லில்லி ஒரு தபா வந்து பாத்துட்டுப் போனா நல்லா இருக்கும்" என்றார்.

"அடுத்த வாரம் சொல்லிட்றேண்ணே."

"வாரா வாரம் இதத்தான் சொல்ற. எனக்கு வாரம் கம்மியா கீது, சாந்தி" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த வாக்குமூலத்தை முடித்து, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறும்போது மணி ஒன்று. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நகரவில்லை. கடைக்குப் போய்ச் சேர இரண்டரை ஆகிவிட்டது. லில்லி அக்கா தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தேவராஜ் அண்ணன்..."

"கேள்விப்பட்டேன்." மிஷின் நிற்கவில்லை.

"அந்தச் சீட்டு நான் எழுதினது. அண்ணன் இல்ல. அவரு யாருகிட்டியும் சொல்லல."

மிஷின் நின்றது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரு ஆஸ்பத்திரியில கெடக்குறாருன்னு தெரிஞ்சும் நான் போவல. இத எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு அவரு சாவணுமா?" என்றார். "வெளிய போ" என்றார். போனேன்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் முடித்தார். ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போடத் தொடங்கினார்கள். அப்போது கூட்டம் விலகியது. லில்லி அக்கா வந்தார். செருப்பில்லை. அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. குழியோரம் மண்டியிட்டார். "அண்ணே, உங்களப் போயி தப்பா நெனச்சிட்டேனே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, அண்ணே?" என்று கதறினார். இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டார். ரோஸ்லின் அண்ணி அவரைக் கட்டிக்கொண்டார்.

திரும்பும்போது என்னைத் தாண்டித்தான் அவர் போக வேண்டியிருந்தது. நின்றார். "எங்கிட்ட சொன்னது பத்தாது. எல்லார் எதிருலயும் சொல்லு" என்றார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. இந்த அஞ்சலியை நான் எழுதுவது அதனால்தான். இந்த வியாழன் அந்த முன்னறையில் இதை உரக்க வாசிக்கவும் போகிறேன்.

அண்ணே, நீங்கள் கேட்டது ஒரே ஒரு முகம். உயிரோடு இருந்தபோது அதை நான் உங்களுக்குக் காட்டவில்லை. என் தப்பை இரண்டு வருடம் சுமந்தீர்கள். அதை இப்போது நான் வாங்கிக்கொண்டேன். நிம்மதியாகப் போங்கள்.